மூக்கன் மகன் வெள்ளையன்

உக்காருங்கக்கா, உக்காருங்க. பையை நான் மடியில வைச்சுக்கிறேன். அந்த ஓரம் வேணாம், அந்தப் பக்கத்துக் கால் ஆடுது, காலையில நான் அதுல உக்காந்து விழப் பாத்தேன். நீங்க எதுக்கு வந்திருக்கீங்க? வாரிசுச் சான்றா? வீட்டுக்காரர் போயிட்டாரா? ஓ, அப்பாவோடதா. அண்ணன் தம்பிங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்களா? ஏழு வருசமாவா? எம்மாடி. கூடப் பொறந்ததுங்களே இப்படின்னா என்னக்கா சொல்றது. அதுக்கு நான் குடுத்து வைச்சவ. எனக்குச் சாட்சி சொல்ல ஒரு அண்ணன் வந்திருக்காரு. கூடப் பொறந்தவர் இல்ல, பங்காளி முறையில அண்ணன். அந்தா, நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்துல முதுகைக் காட்டிட்டு நிக்கிறாரே, தோள்ல வெள்ளைத் துண்டு, அவருதான். அய்யாக்கண்ணு அண்ணன்.

ஆறாம் நம்பர் ரூமுக்கு இன்னும் கூப்பிடல. பியூன் வெளிய வந்து பேர் சொல்லுவாரு. அதுவரைக்கும் யார்கிட்டயாவது பேசிக்கிட்டிருக்கணும், இல்லேன்னா எனக்கு நெஞ்சு அடைச்சுடும். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க.

எம்பேரு தங்கேஸ்வரி. முகாம்ல இருக்கேன். ஆமாக்கா, சிலோன் முகாம்தான். தொண்ணூறுல போட்டுல வந்தோம். அகதின்னு சொன்னதும் எல்லாரும் யாழ்ப்பாணமான்னு கேப்பாங்க. நாங்க அந்த ஆளுங்க இல்ல. தேயிலைத் தோட்டத்து ஆளுங்க. இங்கிருந்து போனவங்கதான், இதோ இந்தத் திருச்சிப் பக்கத்துல இருந்து. எழுபத்தேழுல கலவரத்துல தோட்டத்தை விட்டு அடிச்சு விரட்டினான், வவுனியாவுல போய்க் காட்டை வெட்டிக் குடியிருந்தோம், அங்கேயும் குண்டு விழுந்துச்சு, போட்டு ஏறிட்டோம். அங்க இருந்தப்போ "கள்ளத்தோணி, உன் இந்தியாவுக்குப் போ"ன்னான். இங்க வந்தா "சிலோன்காரி"ங்கிறான். ரெண்டு பேரும் சேந்து பேசி ஒரு முடிவுக்கு வந்து சொன்னாக்கூட நல்லாருக்கும்.

எனக்காக நான் அலையலக்கா. எனக்கு அம்பத்தேழு ஆச்சு, முகாம்லயே கட்டை வெந்தாலும் வேகட்டும். மக இருக்கா, நிரோஷினி. இருபத்தி நாலு வயசு. இங்கதான் பொறந்தா, கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில. அவங்க அப்பா பெயிண்ட் அடிக்கப் போன இடத்துல சாரம் சரிஞ்சு போனவரு, போய் எட்டு வருசம். நான் ஒத்தையில படிக்க வைச்சேன். நர்சிங், நாலு வருசம், முதல் வகுப்பு. முடிச்சு என்ன பண்ண? நர்சுன்னு பேரைப் பதியணும், பதிஞ்சாத்தான் வேலை. அந்த மனுவுல நீ எந்த நாட்டுக்காரின்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல எழுத எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இப்ப ஒரு துணிக்கடையில நிக்கிறா. நிக்கிறதுதான் வேலை, உக்காரக் கூடாதாம். ஊசி போடப் படிச்ச கை சேலை மடிக்குது. போன மாசம் எங்கிட்ட, "அம்மா, நான் எந்த ஊருக்கும் இல்லாமப் பொறந்துட்டேனா"ன்னு கேட்டா. சாதாரணமாத்தான் கேட்டா, சோறு தின்னுக்கிட்டே. 

ஒரு வக்கீலம்மா புண்ணியத்துல, எங்களுக்கு இந்தியப் பிரஜாவுரிமை குடுங்கன்னு கேட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். கோர்ட்டுல சொல்லிட்டாங்க, இவங்க பாட்டன் இந்த மண்ணுல பொறந்தவர்தானான்னு விசாரிங்க, உண்மைன்னா மனுவை மேல அனுப்புங்கன்னு. அந்த விசாரணைதான் இது. மூணாவது வாய்தா. இன்னைக்கோட முடிச்சுடுவேன்னுட்டாரு அதிகாரி. சாட்சி வந்து சொன்னா சரி, இல்லேன்னா ஃபைலை மூடிடுவேன்னு சொல்லிட்டாரு. மூடினா அவ்வளவுதான்கா. அதுக்கப்புறம் நிரோஷினி நின்னுக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

எங்க தாத்தா பேரு வெள்ளையன். நான் மூஞ்சி பாத்ததில்ல. எங்க அப்பா சாகுறப்போ எனக்கு விட்டுட்டுப் போனது ரெண்டு பேருதான், "நம்ம ஊரு கொடித்தலைப்பட்டி, பாட்டன் பேரு மூக்கன்." அதை வைச்சுக்கிட்டு அஞ்சு வருசமாத் தேடுறேன். செத்தவரைத் தேடுறது உசுரோட இருக்கிறவங்களைத் தேடுறதை விடக் கஷ்டம். யாரும் வழி சொல்ல மாட்டாங்க.

மொதல்ல தோட்டத்துக்குத்தான் சொல்லி விட்டேன். மாமன் மகன் சிவலிங்கம் இன்னும் அங்கதான் இருக்கான். போன்ல அழுதேன் அவன்கிட்ட. ஆபீஸ் பரண்ல பழைய செக்ரோல் கிடக்குன்னான். செக்ரோல்னா தினம் தினம் யார் யார் வேலைக்கு வந்தாங்கன்னு எழுதுற புத்தகம். வேலைக்கு வந்தா பேர் விழும், வரலேன்னா பேர் இல்ல. அவன் கிளாக்கரைக் கெஞ்சி, பரண்ல ஏறி, போன்ல படம் எடுத்து அனுப்பினான். இருநூத்திச் சொச்சம் படம். பூரா இங்கிலீசு. முகாம்ல தண்ணி வண்டிக்குக் குடத்தை வைச்சுட்டு நானும் நிரோஷினியும் வாசல்ல உக்காந்து பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்போம்.

கிடைச்சாருக்கா! "வெள்ளையன், தகப்பன் மூக்கன், வந்த வருசம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தி நாலு, வயசு பதினெட்டு." சொந்த ஊருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்கான்னு நினைக்கிறீங்க? கங்காணி பேரு! ஆள் பிடிச்சுட்டுப் போன கங்காணி பேரை ஊரு கட்டத்துல எழுதி வைச்சிருக்கான். ஒரு ஆளுக்கா, மொத்தப் பக்கத்துக்கும் அப்படித்தான். நாப்பது பேருக்கும் கங்காணிதான் ஊரு. சண்டாளப் பாவிங்க, ஒரு சொல்லு, கொடித்தலைப்பட்டின்னு ஒரு சொல்லு எழுதியிருந்தா எம்மக இந்நேரம் வெள்ளை உடுப்புல நின்னிருப்பா.

ஆனா அவர் பொழைப்பு பூரா அதுல இருந்துச்சுக்கா. இருபத்தாறு மே மாசம் முழுக்கப் பேர் இல்ல, காய்ச்சல். இருபத்தொம்பதுல தேயிலைச் செடி கழிக்கிறப்போ கையை வெட்டிக்கிட்டு பதினோரு நாள் இல்ல. முப்பத்தி மூணுல நாலு நாள் பேர் இல்ல, காரணம் ஒண்ணும் எழுதல. அஞ்சாம் நாள்ல இருந்து அவர் பேருக்குக் கீழ புதுசா ஒரு பேரு, காளியாயி. அது எங்க அப்பாயி! அப்ப அந்த நாலு நாளு கல்யாணத்துக்குப் போட்ட லீவு! நானும் நிரோஷினியும் அப்படிச் சிரிச்சோம், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாத்தா. "அம்மா, தொள்ளாயிரத்து முப்பத்தி மூணு பிப்ரவரி ஒன்பதாம் தேதி கொள்ளுத்தாத்தா வெக்கப்பட்டுக்கிட்டே கொழுந்து பறிச்சிருப்பாரு"ன்னா. அந்த மனுசன் மேல எனக்கு அப்ப பாசம்தான் இருந்துச்சு.

அப்புறம்தான் வந்துச்சு வினை. கொழும்புல ஒரு ஃபாதர், பழைய பிரஜாவுரிமை மனுவெல்லாம் தேடி எடுத்துக் குடுப்பாருன்னு சொன்னாங்க. எழுதிப் போட்டோம். பத்து மாசம் கழிச்சு வந்துச்சு, தாத்தா அம்பத்தொண்ணுல குடுத்த மனு. சீல் வைச்ச நகல். பெரிய சீல், பொம்மை போட்டது. கீழ அவரோட கைநாட்டு. பெருவிரல் எவ்வளவு பெருசு தெரியுமா? நான் அந்த விரலைத் தொட்டுக் கும்பிட்டேன். செக்ரோல் படத்துக்கு சீல் இல்ல, சீல் இல்ல, போன்ல எடுத்தது செல்லாதுன்னு அதுவரைக்கும் விரட்டிக்கிட்டே இருந்தாங்களா, சீலைப் பாத்ததும் எனக்குத் தலைகால் புரியல. நிரோஷினி கடையில இருந்து வர வரைக்கும் கூடப் பொறுக்கல. பஸ் ஏறி நேரா இங்க வந்து குடுத்துட்டேன். இங்கிலீசுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரையும் வாசிக்கச் சொல்லல.

அதிகாரி வாசிச்சாரு. சிரிச்சாரு. "உங்க தாத்தாவே எல்லாத்தையும் சொல்லிட்டாரேம்மா"ன்னுட்டு, தமிழ்ல சொல்லிக் காட்டினாரு. "நான் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்தேன். இந்தியாவில் எனக்குச் சொந்தமோ பந்தமோ வீடோ நிலமோ கிடையாது. இது சத்தியம்."

சத்தியமாம்! இருபத்தி நாலுல பதினெட்டு வயசுல கப்பல் ஏறின மனுசன் தோட்டத்துல பொறந்தாராம்! வக்கீலம்மா சமாதானம் சொன்னாங்க, அந்தக் காலத்துல அங்க பிரஜாவுரிமை கேட்டா எல்லாரும் அப்படித்தான் எழுத வேண்டியிருந்துச்சு, இந்தியாவுல உறவு இருக்குன்னா தள்ளிடுவாங்கன்னு. சரி, எழுதினாரே, குடுத்தானா? அதுவும் இல்ல. அதே மனுவுல கீழ ஒரு கோட்டைப் போட்டுத் தள்ளி வைச்சிருக்கான். இருந்ததையும் விட்டாரு, கேட்டதும் கிடைக்கல. எனக்கு எப்படி எரிஞ்சுச்சு தெரியுமா? பொறந்த ஊரை, கூடப் பொறந்த அண்ணனை, இல்லேன்னு சொல்லிக் கைநாட்டு வைக்க ஒரு மனுசனுக்கு எப்படிக்கா மனசு வரும்? பிள்ளைகளுக்காகத்தான் செஞ்சிருப்பாருன்னு நிரோஷினி சொல்றா. பிள்ளைகளுக்காகச் செஞ்சா? அந்தப் பெருவிரலை ஒடிச்சுப் போட்டிருக்கணும். இன்னமும் நான் அவரை மன்னிக்கல.

வேற அத்தாட்சி இருந்தாக் கொண்டான்னாரு அதிகாரி. மறுபடியும் அலைச்சல். முகாம்ல இருந்து வெளியூர் போகணும்னா லீவு எழுதிக் குடுக்கணும், சாயங்காலம் திரும்பி வந்து மூஞ்சியைக் காட்டணும். அப்படியே எத்தனை நாளு. வக்கீலம்மாதான் நிலத்தோட பழைய பதிவேட்டைக் கேளுன்னாங்க. தாலுக்கா ஆபீசுல ஏழு மாசம். ஒரு நாளைக்கு ரெக்கார்டு ரூம் சாவி இல்ல, ஒரு நாளைக்குச் சாவி இருக்கு ஆள் இல்ல. கடைசியில ஒரு அம்மா மனசு இரங்கி எடுத்துக் குடுத்தாங்க. கரையான் தின்ன புத்தகம். கொடித்தலைப்பட்டி. "பட்டாதார்கள்: மூக்கன் மக்கள் சடையன், வெள்ளையன்." அதுக்குப் பக்கத்துல குறிப்புன்னு ஒரு கட்டம். அதுல எந்தக் காலத்துக் கர்ணமோ, சாஞ்ச எழுத்துல எழுதியிருக்காரு, "வெள்ளையன் கண்டிச்சீமையில்."

நான் அங்கேயே கத்திட்டேன்கா. ஆபீசே திரும்பிப் பாத்துச்சு. கண்டிச்சீமைன்னா சிலோன்தான்! ரெண்டே சொல்லு. ஒரு மனுசன் இந்த ஊர்ல இல்லேன்னு எழுதினதுதான் அவர் இந்த ஊர்க்காரர்ங்கிறதுக்கு அத்தாட்சி. அந்தக் கர்ணம் எந்த லோகத்துல இருந்தாலும் நல்லாருக்கட்டும்.

அதைக் கொண்டாந்து குடுத்தா அதிகாரி என்ன சொன்னாரு? "வெள்ளையன்னு ஊருக்குப் பத்துப் பேர் இருப்பான். அந்தச் சடையன் குடும்பத்துல இருந்து யாராவது வந்து, இவங்க எங்க ரத்தம்தான்னு சொல்லட்டும், எழுதிக்கிறேன்." அவர் சொன்னதும் நியாயம்தான். நான் குறை சொல்லல.

அப்படித்தான் கொடித்தலைப்பட்டிக்குப் போனேன். பஸ்ல இருந்து இறங்கி மண்ணைத் தொட்டு நெத்தியில வைச்சுக்கிட்டேன், ஒரு ஆட்டுக்காரன் பாத்துச் சிரிச்சான். சடையன் வீடுன்னு கேட்டதும் கையைக் காட்டிட்டாங்க. அய்யாக்கண்ணு அண்ணன் சடையனோட பேரன். நான் வெள்ளையனோட பேத்தி. சொன்னதும் அந்த மனுசன், "கண்டிச்சீமைக்குப் போன சின்னத் தாத்தா வழியா?" அப்படின்னாரு. "ஆடிப் படையல்ல வருசா வருசம் அவருக்கும் ஒரு இலை போடுறோம்மா, இருக்காரா செத்தாரான்னு தெரியாமலே போட்டுக்கிட்டிருக்கோம்." ஐயோக்கா, நான் அழுத அழுகை! நூறு வருசமா எங்க தாத்தாவுக்கு ஒரு இலை இருந்திருக்கு. மதினி வந்து கட்டிக்கிட்டாங்க. கோழி அடிச்சாங்க. தலையில பூ வைச்சு விட்டாங்க. நான் புருசனைத் தின்னவன்னு சொன்னேன், "அதெல்லாம் இருக்கட்டும், பொறந்த வீட்டுக்கு வந்தவ"ன்னுட்டாங்க.

அண்ணனுக்கு ஒரே மகன், குணாளன். வக்கீல் ஆபீசுல குமாஸ்தா. நல்ல சூட்டிகையான பையன், கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க. "அத்தை, வாங்க"ன்னான். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தி நாலு வருசம், என்னை யாரும் ரத்த உறவுல அத்தைன்னு கூப்பிட்டதில்ல. அந்த ஒரு சொல்லுக்கு நான் என்ன கேட்டாலும் குடுத்திருப்பேன். சாப்பிட்டு முடிச்சதும் சந்தோசத்துல நிலப் பதிவேட்டு நகலை எடுத்து விரிச்சேன். பாருங்க அண்ணே, உங்க தாத்தா பேரும் எங்க தாத்தா பேரும் ஒண்ணா இருக்குன்னேன். குணாளன் வாங்கிப் பாத்தான். ரெண்டு தடவை பாத்தான். "அத்தை, இதை எங்க இருந்து எடுத்தீங்க? வேற யார்கிட்டயெல்லாம் காட்டினீங்க?"ன்னு கேட்டான். போன்ல படம் எடுத்துக்கிட்டான். எவ்வளவு அக்கறை பாருங்க. திரும்பி வர்றப்போ அவனே பைக்குல பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டாந்து விட்டான். வழியில அவங்க நிலத்தைக் காட்டினான், ரோட்டோரமா, நல்ல நிலம். பெரிய ரோடு ஒண்ணு வருதாம், வரிசையாக் கல்லு நட்டு வைச்சிருக்காங்க.

ரெண்டாவது தடவை போனப்போ வீடு பூட்டியிருந்துச்சு. உள்ள ஃபேன் ஓடுற சத்தம் கேட்டுச்சு, மறந்து போயி ஓட விட்டுட்டுப் போயிட்டாங்க போல. மூணாவது தடவை அண்ணன் இருந்தாரு, ஆனா முகம் குடுத்துப் பேசல. "நாங்க கோர்ட்டு ஆபீசுன்னு அலையிற ஆளுங்க இல்லம்மா"ன்னாரு. எனக்கு விசயம் புரிஞ்சு போச்சுக்கா, நான் ஒண்ணும் விவரம் கெட்டவ இல்ல. நிலத்துல பங்கு கேட்டுருவேன்னு பயம்! நேராவே சொன்னேன். "அண்ணே, எனக்கு ஒரு பிடி மண்ணு வேணாம். விடுதலைப் பத்திரம் எழுதித் தாறேன், பாத்தியதை இல்லேன்னு இப்பவே எழுதித் தாறேன். எனக்கு எங்க தாத்தா பேரு மட்டும் போதும்." காலைப் பிடிச்சேன். ஆமாக்கா, காலைப் பிடிச்சேன், அதுல என்ன வெக்கம்.

அப்ப குணாளன்தான் வழி சொன்னான். விடுதலை எழுதினா வம்பு அத்தைன்னான். விடுதலைன்னா, பங்கு இருந்துச்சு, அதை விட்டுக் குடுத்தேன்னு அர்த்தமாம். நாளைக்கு சிலோன்ல இருக்கிற எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்களாம். அதனால வேற மாதிரி எழுதணும்னான். எங்களுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் சம்பந்தமே இல்லேன்னு. அது அவங்க பெட்டியில பாதுகாப்புக்குச் சும்மா கிடக்கும். அதுக்கப்புறம் அப்பா தைரியமா வந்து, இவ எங்க ரத்தம்னு அதிகாரிகிட்ட சொல்லுவாரு. "அந்தப் பத்திரம் வெளியவே வராது அத்தை, என் பிள்ளைங்க மேல ஆணை"ன்னான். பெத்த பிள்ளைங்க மேல ஆணை வைச்சவன் ஏமாத்துவானா? சொல்லுங்க.

முத்திரைத் தாள்ல அடிச்சுக் கொண்டாந்தான். நான் வாசிச்சேன்கா, அஞ்சாவது வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன். "எனது பாட்டனார் வெள்ளையன் மேற்படி கொடித்தலைப்பட்டி கிராமத்தைச் சேர்ந்தவர் அல்ல என்றும், மேற்படி சடையன் குடும்பத்தாருக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது என்றும், இதை நான் யாருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன்..." அந்த மாதிரி போச்சு. நானும் கொஞ்சம் யோசிச்சேன். ஆனா பிள்ளைக்காகத்தானே? பிள்ளைக்காகச் செய்யுறதுல தப்பு இல்லேன்னு கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து மட்டும் போதாது, பெருவிரலும் வேணும்னான். அதையும் வைச்சேன்.

மதினிதான் ஒரு மாதிரி நடந்துக்கிட்டாங்க. நான் மையைத் துடைக்கக் கொல்லைப் பக்கம் போனப்போ பின்னாலேயே வந்து கையைப் பிடிச்சு, "ஏன்டி போட்ட? நீ வந்திருக்கவே கூடாதுடி இந்த வீட்டுக்கு"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. அன்னைக்குப் பூ வைச்ச கை. பொம்பளைங்களுக்கே நாத்தனான்னா ஆகாது போலன்னு நினைச்சுக்கிட்டு வந்துட்டேன். வக்கீலம்மாகிட்டயும் நிரோஷினிகிட்டயும் பத்திரத்தைப் பத்தி நான் மூச்சு விடல. அவளுக்குக் கோவம் வரும். "மாமா வர்றேன்னு சொல்லிட்டாரு"ன்னு மட்டும் சொன்னேன். குதிச்சா. துணிக்கடையில கூட வேலை செய்யுற பிள்ளைங்ககிட்டயெல்லாம் எனக்கு ஒரு மாமா இருக்காருன்னு சொல்லியிருக்கா. இன்னைக்கு அவளும் வந்திருப்பா, ஆனா முகாம்ல தலை எண்ணுறாங்க, வீட்டுக்கு ஒரு ஆளாவது இருக்கணும். 

காலையில குணாளனே போன் பண்ணினான். எத்தனை மணிக்கு அத்தை, எந்த ரூமு, அதிகாரி பேரு என்னன்னு எல்லாத்தையும் கேட்டு எழுதிக்கிட்டான். சொன்ன மாதிரி வந்துட்டாங்க பாருங்க. அண்ணன் பக்கத்துல நிக்கிறானே, நீலச் சட்டை, அவன்தான். கூட நிக்கிற கறுப்புக் கோட்டு அவனோட வக்கீல். எனக்காக வக்கீலையே கூட்டிட்டு வந்திருக்கான்! நான் கூட வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.

அண்ணன் இன்னும் என்கிட்ட வந்து பேசல. வந்ததும் நான் எந்திரிச்சுப் போய் "வாங்கண்ணே"ன்னேன். தலையை ஆட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாரு. வெயில்ல வந்த மனுசன், எழுபது வயசு. டீ வாங்கிட்டு வரட்டுமான்னு கேட்டேன், குணாளன்தான் வேணாம்னுட்டான்.

நீங்க ஏன்கா அப்படிப் பாக்கிறீங்க?

இல்ல, கேக்கிறேன். எம்மூஞ்சியைப் பாக்கிறீங்க, அவங்களைப் பாக்கிறீங்க. உங்க அண்ணன் தம்பிங்களை வைச்சு எல்லாரையும் எடை போடாதீங்க. உங்க வீட்டுக் கதை வேற. இவரு எங்க தாத்தாவுக்கு இலை போட்டவரு. முகம் தெரியாத மனுசனுக்கு வருசா வருசம் சோறு வைச்ச கை அது.

கவரா? எந்தக் கவரு? அவன் கையிலயா? ஆமா, கண்ணாடிக் கவரு. உள்ள ஏதோ பத்திரம் தெரியுது. முத்திரைத் தாளுன்னா எல்லாம் அந்த நிறம்தானே இருக்கும்? அவன் குமாஸ்தாக்கா, அவன் கையில ஆயிரம் பத்திரம் இருக்கும். அண்ணனோட பட்டாவா இருக்கும். அத்தாட்சிக்குக் கொண்டாந்திருப்பான், எனக்குத்தான்.

அந்தா, பியூன் வந்துட்டாரு. அவங்களை மொதல்ல கூப்பிடுறாரு. மனு குடுத்தவ நானு, என்னைத்தானே மொதல்ல... சரி, சாட்சியை மொதல்ல விசாரிப்பாங்களோ என்னமோ. போறாரு பாருங்க அண்ணன். அண்ணே! அண்ணே! திரும்பிப் பாக்கல. காது மந்தம்.

என்ன சொன்னாரு பியூன்? நீங்க கேட்டீங்களா? "ஆட்சேபணை குடுத்த பார்ட்டி"ன்னா சொன்னாரு? வேற யாரையாவது இருக்கும். இந்த வராந்தாவுல இத்தனை பேர் இருக்கோம்.

அக்கா, சொல்லாதீங்க. வாயைத் திறக்காதீங்க. நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியும், உங்க காலைத் தொட்டுக் கேக்கிறேன், சொல்லிடாதீங்க. அவங்க வெளிய வர வரைக்கும் எனக்கு ஒரு அண்ணன் இருக்கட்டும். அஞ்சு வருசம் தேடினேன்கா. கரையான் தின்ன புத்தகத்துல எல்லாம் தேடினேன். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாய் வார்த்தை, ஆமா இவ எங்க வீட்டுப் பிள்ளைன்னு. நான் கேட்டது அவ்வளவுதான். அது ஒரு பெரிய ஆசையா?

என்னைக் கூப்பிடுறாங்க. தங்கேஸ்வரின்னுதானே சொன்னாரு? வர்றேன் சார், வர்றேன். கொஞ்சம் கையைக் குடுங்கக்கா. போன் வேற அடிக்குது. நிரோஷினிதான். உள்ள போனைக் கொண்டுட்டுப் போகக் கூடாது, நீங்க வைச்சுக்கோங்க. எடுத்துப் பேசுங்க. அம்மா உள்ள போயிருக்குன்னு சொல்லுங்க. வேற எதையும் சொல்லாதீங்க, பத்திரம் கித்திரம்னு ஒண்ணும் வேணாம், சின்னப் பிள்ளை. மாமா வந்திருக்காரான்னுதான் மொதல்ல கேப்பா. வந்திருக்காருன்னு சொல்லுங்க. அது பொய் இல்லையே. வந்தாரு, நீங்களே பாத்தீங்கல்ல.